குழி எண்ணும் கண்கள்

நிலாத் தரையின் சில பகுதிகளைப் படமாக எட்டு நிபுணர்களிடம் கொடுத்து, அவற்றில் உள்ள குழிகளைக் குறித்து அளக்கச் சொன்னார்கள். எட்டுப் பேரும் அதே வேலையில் ஊறியவர்கள். கோள்களின் தரையைப் படிப்பதே அவர்களுடைய தொழில். ஆனாலும் விடைகள் ஒத்துப்போகவில்லை. குழியின் அளவையும் நிலத்தின் தன்மையையும் பொறுத்து, எண்ணிக்கை 45 விழுக்காடு வரை கூடியும் குறைந்தும் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் ராபின்ஸும் அவருடைய குழுவினரும் 2014இல் 'இக்காரஸ்' ஆய்விதழில் வெளியிட்ட முடிவு இது. அந்த ஆய்வில் ஒன்பதாவது தரப்பு ஒன்றும் இருந்தது. வீட்டுக் கணினியின் முன் உட்கார்ந்து, பைசா வாங்காமல், சிறு குழிகளின் மேல் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த பொதுமக்கள்தாம் அந்தத் தரப்பு. அவர்களில் பெரும்பாலோர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். அவர்கள் போட்ட வட்டங்களை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, நிபுணர்களுக்குள் இருந்த வேறுபாட்டின் எல்லைக்குள்ளேயே அவர்களுடைய கணக்கும் வந்து நின்றது.

தன்னார்வலர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கூலி கொடுக்காமல் கிடைத்த ஆள்பலமாகவே அவர்களைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை பாதிதான் சரி. ஒரே இடத்தின் மேல் ஒன்றுக்கொன்று தெரியாத பல கண்களைப் பதிய வைத்ததுதான் நிலா ஆய்வுக்கு அவர்கள் செய்த பெரிய உதவி என்பது என் கருத்து. ஒரு கண் எவ்வளவு தூரம் பிசகும் என்பது, இன்னொரு கண் அதே இடத்தைப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

நிலாவின் கிண்ணக்குழிகளை எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிலாவின் வரலாறே அதில்தான் இருக்கிறது. அங்கே காற்று இல்லை, மழை இல்லை, விழுந்த வடுவைச் சட்டென்று ஆற்றும் எதுவும் இல்லை. விண்கல் விழுந்தால் குழி. அது கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். புழுதி படிந்த வாசலில் தூறல் விழத் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். தூறலுக்கு நடுவே வாசலின் ஒரு பாதியை யாரோ பெருக்கிவிட்டால், அந்தப் பாதியில் புள்ளிகள் குறைவாகவும் மறுபாதியில் அடர்த்தியாகவும் இருக்கும். புள்ளிகளை எண்ணியே எந்தப் பாதி எப்போது பெருக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். நிலாவில் பெருக்கும் வேலையைச் செய்தது எரிமலைக் குழம்பு. நம் கண்ணுக்குக் கறையாகத் தெரியும் கரும்பரப்புகள் எல்லாம் அப்படிக் குழம்பு பரவி இறுகிய சமவெளிகள். வெளுத்த மேட்டுநிலங்கள் அவற்றைவிடப் பழையவை. அங்கே குழிமேல் குழியாகக் கிடக்கும்.

ஆனால் எண்ணிக்கையை ஆண்டாக மாற்ற ஓர் அளவுகோல் வேண்டும். 1965இல், மனிதன் நிலாவில் இறங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, ஆய்வாளர் வில்லியம் ஹார்ட்மன் குழிகளின் அடர்த்தியைக் கொண்டு கரும்பரப்புகளின் வயது சுமார் 360 கோடி ஆண்டு என்று கணித்தார். அப்பல்லோ 11 கொண்டுவந்த பாறைகள் ஏறத்தாழ அந்த வயதையே காட்டின. 1969க்கும் 1972க்கும் இடையில் அப்பல்லோ பயணங்கள் 382 கிலோ பாறையும் மண்ணும் கொண்டுவந்தன. சோவியத் நாட்டின் ஆளில்லாக் கலங்கள் சில நூறு கிராம் கொண்டுவந்தன. மாதிரி எடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் ஆய்வகத்தில் கண்ட வயது ஒரு பக்கம், அந்த இடத்தின் குழி எண்ணிக்கை இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வரைந்த கோடுதான் இன்றுவரை நிலாவின் நாட்காட்டி. சில திருத்தங்களோடு செவ்வாய்க்கும் புதனுக்கும் அதே கோடுதான் கைகொடுக்கிறது. அந்தக் கோட்டில் 300 கோடி ஆண்டுக்கும் 100 கோடி ஆண்டுக்கும் இடையே பெரிய வெற்றிடம் இருந்தது. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்ஏ-5 கலம் 1,731 கிராம் மண்ணோடு திரும்பிய பிறகுதான் அங்கே ஒரு புள்ளி விழுந்தது; அந்த எரிமலைப் பாறையின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு.

ஆகவே எண்ணிக்கை 45 விழுக்காடு பிசகலாம் என்பது அலட்சியமாகக் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல. பெரிய குழிகளில் சிக்கல் குறைவு. அவற்றைப் பற்றி அவ்வளவாகக் கருத்து வேறுபாடு வராது. ஆனால் பெரிய குழிகள் அரிது. இளமையான சிறு நிலத்துண்டு ஒன்றின் வயதைச் சொல்ல வேண்டுமானால், அதன்மேல் சில மீட்டரோ சில பத்து மீட்டரோ அகலமுள்ள குழிகள் மட்டும்தான் இருக்கும். 1971இல் அப்பல்லோ 15 எடுத்த படங்களில் தெரியவந்த 'ஐனா' என்ற பள்ளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத அந்த இடத்தில், வழவழப்பான மேடுகளைச் சுற்றிக் கரடுமுரடான தரை கிடக்கிறது. அங்கேயும் அதைப் போன்ற பிற இடங்களிலும் குழிகளை எண்ணிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், அந்த எரிமலைக் குழம்பு உறைந்து 10 கோடி ஆண்டுகூட ஆகியிருக்காது என்று 2014இல் எழுதினார்கள். அதாவது பூமியில் டைனோசர்கள் உலவிய காலத்திலும் நிலா உள்ளுக்குள் சூடாக இருந்திருக்கிறது! மற்றொரு சாரார் இதை மறுக்கிறார்கள். நுரைத்து இறுகிய பாறையில் விண்கல் விழுந்தால் குழி சிறிதாகத்தான் விழும், எண்ணிக்கை குறைவாகத் தெரியும், அந்த நிலம் உண்மையில் 300 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது என்பது அவர்களுடைய வாதம். எந்தத் தரப்பு வென்றாலும், வழக்கு நடப்பது சிறு குழிகளின் கணக்கின் மேல்தான்.

சிறு குழிகளோ எண்ணி மாளாதவை. விட்டம் பாதியானால் எண்ணிக்கை பல மடங்கு ஏறும். 2009 ஜூன் 18 அன்று நாசா ஏவிய எல்ஆர்ஓ விண்கலம், 50 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அரை மீட்டர் அளவுள்ள பொருளும் ஒரு படப்புள்ளியாகப் பதியும் நுணுக்கத்தில் படமெடுக்கும் இரண்டு கேமராக்களைச் சுமந்து சென்றது. இரண்டும் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் அகலத் தரையை நீள வாக்கில் படம்பிடிக்கும். அந்தப் படங்களை யார் பார்ப்பது? ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள குழிகளை மட்டும் ராபின்ஸ் தானே ஒவ்வொன்றாகக் கையால் குறித்து, 2019இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 13 லட்சம் குழிகள்! ஒரு மனிதர் இப்படி உழைக்க முடியுமா என்று மலைக்க வைக்கும் வேலை அது. ஆனால் நூறு மீட்டர், பத்து மீட்டர் என்று இறங்கினால் எந்தத் தனிமனிதரின் ஆயுளும் போதாது.

பொதுமக்களிடம் போகலாம் என்ற யோசனை நிலாவுக்காகப் பிறந்ததல்ல. 2000ஆம் ஆண்டின் இறுதியில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 'கிளிக்வொர்க்கர்ஸ்' என்றொரு சோதனை தொடங்கியது. வைக்கிங் கலங்கள் எடுத்த செவ்வாய்ப் படங்களில் குழிகளைக் குறிக்கும்படி இணையத்தில் வருவோரைக் கேட்டார்கள். நாடின் பார்லோ என்ற ஆய்வாளர் தனியொருவராக ஏறத்தாழ 42,000 செவ்வாய்க் குழிகளைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டபோது மக்களின் குறிகள் நன்றாகவே பொருந்தின. 2007இல் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்த 'கேலக்ஸி ஸூ' வந்தது. அதன் வெற்றியிலிருந்து பிறந்த 'ஸூனிவர்ஸ்' அமைப்பு, 2010 மே மாதத்தில் எல்ஆர்ஓ படங்களைக் கொண்டு 'மூன் ஸூ'வைத் தொடங்கியது. அடுத்து 2012இல், பமேலா கே வழிநடத்திய காஸ்மோகுவெஸ்ட் அமைப்பின் 'மூன்மேப்பர்ஸ்' வந்தது. ராபின்ஸின் ஒப்பீட்டுக்குக் குறிகள் கிடைத்தது இதிலிருந்துதான்.

தன்னார்வலர் முன் வரும் படம் அழகான முழுநிலவுப் படம் அல்ல. நீண்ட படப்பட்டையிலிருந்து வெட்டியெடுத்த சாம்பல் நிறச் சதுரம். அதில் முதலில் தெரிவது குழி அல்ல, நிழல். வெயில் இடப்பக்கமிருந்து வந்தால், குழியின் இடப்பக்க உட்சுவர் இருண்டும் வலப்பக்கச் சுவர் பளிச்சென்றும் இருக்கும். மேடாக இருந்தால் நேர்மாறு. இங்கேதான் மூளை ஏமாற்றும். வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வரும் என்றே நம் மூளை பழகியிருக்கிறது. படத்தில் வெயில் கீழ்ப்பக்கமிருந்து அடித்தால், குழிகள் எல்லாம் கொப்புளங்களாக எழும்பி நிற்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மறுகணமே அத்தனையும் உள்ளே அமுங்கிவிடும்.

அடுத்த சிக்கல் விளிம்பு. புதுக்குழிக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். சுட்டியைப் பிடித்து இழுத்து வட்டத்தைப் பொருத்துவதில் சிரமமில்லை. பழைய குழியின் விளிம்போ, நுண்கற்கள் இடைவிடாமல் மோதி மோதி மழுங்கி, சரிந்து, உள்ளே மண் நிரம்பி, வெறும் சாயலாக நிற்கும். வட்டத்தை எங்கே முடிப்பது? ஒருவர் நிழல் முடியுமிடத்தில் முடிப்பார், இன்னொருவர் சரிவு தொடங்குமிடத்தில் முடிப்பார். மூன்றாமவர் அதைக் குழியென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். வெயிலின் சாய்வும் சேர்ந்துகொள்கிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஆழமற்ற குழிகூட நீண்ட நிழல் காட்டும். உச்சி வெயிலில் அதே இடத்தில் வெள்ளையும் சாம்பலுமான திட்டுகள் மட்டும் மிஞ்சும். பத்துப் படப்புள்ளிக்கும் குறைவான அகலமுள்ள குழிகளின் கணக்கை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று ராபின்ஸ் குழு எழுதியதற்கு இந்தத் தடுமாற்றங்களே காரணம்.

ஒரு மோதலில் தெறித்த கற்கள் தொலைவில் போய் விழுந்து உண்டாக்கும் துணைக்குழிகள் வேறு இருக்கின்றன. அவை கொத்தாக, சங்கிலியாக விழும். அவற்றை விண்ணிலிருந்து நேரே வந்த கற்களின் கணக்கில் சேர்த்தால், நிலத்துக்கு இல்லாத முதுமை வந்துவிடும். 1972இல் அப்பல்லோ 17 இறங்கிய டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட குழிக்கொத்து ஒன்று உண்டு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள டைக்கோ குழி தோன்றியபோது தெறித்த கற்கள் அங்கே வந்து விழுந்ததாக நம்புகிறார்கள். டைக்கோவுக்கு 10.8 கோடி ஆண்டு என்று சொல்லும் வயது, அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்துவந்த மாதிரிகளிலிருந்து வந்ததுதான்.

மூன் ஸூவின் தரவைச் சோதிக்கவும் அதே பள்ளத்தாக்கைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பழைய கரும்பரப்பு, மேட்டுநிலம், துணைக்குழிகள் நிறைந்த தரை என்று எல்லா வகையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். ஒரே குழிக்குப் பத்துப் பேர் போட்ட பத்து வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாது. மையம் சற்றே விலகும், விட்டம் சற்றே மாறும். எவையெல்லாம் ஒரே குழியைச் சொல்கின்றன என்று கணினியைக் கொண்டு கொத்துக் கொத்தாகப் பிரிக்க வேண்டும். கவனமில்லாமல் இட்டவற்றைக் களைய வேண்டும். மிஞ்சியவற்றிலிருந்து ஒரு நடு வட்டம் எடுக்க வேண்டும். எந்தெந்த அளவுகோலோடு வடிகட்டினால் நிபுணரின் கணக்கோடு பொருந்துகிறது என்று பலவாறாகச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். குழிக்கணக்கு பொருந்தியது, அந்த இடத்தின் மண்போர்வை எவ்வளவு ஆழம் என்ற மதிப்பீடும் முந்தைய மதிப்பீடுகளுக்கு அருகில் வந்தது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வட்டங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையே ஒரு தடயமாக எடுத்துக்கொண்டார்கள். புதுக்குழியின் மேல் எல்லோருடைய வட்டமும் நெருங்கி விழும். மழுங்கிய குழியின் மேல் சிதறி விழும். அப்படியானால் சிதறலின் அளவே அந்தக் குழி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். ஆட்களின் கருத்து வேறுபாடு, துடைத்தெறிய வேண்டிய பிழையாக இல்லாமல், நிலாவைப் பற்றிய தகவலாக மாறிவிடுகிறது. ஒரே நிபுணர் ஒரே ஒருமுறை குறித்த பட்டியலில் இந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது.

மூன் ஸூவில் வட்டம் போடுவதோடு வேலை முடியவில்லை. இரண்டு படங்களை அருகருகே காட்டி எதில் பாறைகள் அதிகம் என்று கேட்கும் பகுதியும் இருந்தது. பார்க்க விளையாட்டுப் போல இருந்தாலும் அதற்குப் பின்னால் கணக்கு உண்டு. மண்போர்வையைத் துளைத்து அடிப்பாறை வரை போன குழியின் விளிம்பில்தான் பெரும்பாறைகள் கிடக்கும். போர்வைக்குள்ளேயே நின்றுவிட்ட குழியைச் சுற்றி அவை இராது. பாறை சிதறிய குழிகளில் எது மிகச் சிறியது என்று தெரிந்தால் போர்வையின் ஆழம் தெரியும். நாளை அங்கே கலம் இறக்கப்போகிறவர்களுக்கும் பாறை எங்கே கிடக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. காஸ்மோகுவெஸ்டின் தன்னார்வலர்கள் 2019இல் பென்னு என்ற சிறுகோளின் பாறைகளை இதே முறையில் குறித்தார்கள். நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் அங்கே எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்று தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மூன் ஸூ தொடங்கியது 2010இல். அப்பல்லோ 17 பகுதிக்கான முடிவு வந்தது 2016இல். தரவு சேகரிப்பை முன்கூட்டி இன்னும் நன்றாகத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மாலை நேரங்களை இதற்கென்று ஒதுக்கியவர்கள், தாங்கள் போட்ட வட்டம் எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆறு ஆண்டு காத்திருப்பது நியாயமில்லை. தரவு வந்து குவிந்த பிறகு வடிகட்டும் முறையைத் தேடுவதைவிட, தொடங்கும் முன்பே சிறு பகுதியில் சோதித்துவிட்டு மக்களை அழைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இப்போது இயந்திரம் எண்ணிவிடுமே, இனி மனிதர் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. இயந்திரங்களின் ஆற்றலில் ஐயமில்லை. நிலாச் சரிவுகளில் உருண்ட பாறைகளின் தடங்களைத் தேட, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எல்ஆர்ஓ படங்களைக் கணினியிடம் கொடுத்து, 1,36,610 பாறைச் சரிவுகளைக் கண்டெடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவு இது. எந்த மனிதக் கூட்டமும் அதை அத்தனை விரைவில் செய்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கணினிக்கு எது பாறைத்தடம் என்று கற்றுக்கொடுத்தது மனிதர் குறித்த மாதிரிப் படங்கள். குழிக்கும் அப்படித்தான். ஒரே நிபுணரின் குறிகளைக் கொண்டு பயிற்றினால், அவருடைய கண்ணில் உள்ள சாய்வு அப்படியே இயந்திரத்துக்கும் இறங்கி, லட்சக்கணக்கான குழிகளில் திரும்பத் திரும்ப வரும். பயிற்றும் படங்களைப் பல கண்கள் பார்த்திருக்க வேண்டும் என்பது இயந்திரம் வந்த பிறகு இன்னும் அவசியமாகிவிட்டது.

எண்ணுவது கூட்டத்தின் வேலை என்றால், தேடிக் கண்டுபிடிப்பது பல நேரங்களில் ஒற்றை ஆளின் வேலை. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் தரையிறங்கும் கடைசி நிமிடங்களில் தொடர்பை இழந்தது. பத்து நாள் கழித்து எல்ஆர்ஓ அந்தப் பகுதிக்கு மேலே போய் எடுத்த படங்களை, செப்டம்பர் 26 அன்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அந்தப் படத்தில் ஒரு புள்ளி 1.3 மீட்டர் தரையைக் காட்டியது. சூரியன் தொடுவானத்திலிருந்து ஆறு பாகைதான் எழுந்திருந்தது, நிழல்கள் நீண்டு தரையை மூடியிருந்தன. சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்தப் படத்தையும், அதே இடத்தின் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய படத்தில் இல்லாத ஒரே ஒரு வெளிர்ப் புள்ளி புதிய படத்தில் இருந்தது. அதை நாசாவுக்கு எழுதி அனுப்பினார்.

ஒற்றைப் படப்புள்ளி சான்றாகாது. கேமராவின் கோளாறாக இருக்கலாம், பாறையின் பளபளப்பாக இருக்கலாம். எல்ஆர்ஓ குழு அக்டோபரிலும் நவம்பரிலும் மீண்டும் படமெடுத்தது. நவம்பர் 11 படத்தில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு புள்ளிக்கு 0.7 மீட்டர் என்று நுணுக்கமும் கூடியிருந்தது. மோதிய இடம் தெரிந்தது. கலைந்த மண் தெரிந்தது. சிதறிய துண்டுகளில் பெரியவை மூன்று, ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டு படப்புள்ளி அளவில், ஒரு புள்ளி நீள நிழலோடு கிடந்தன. சண்முகம் முதலில் கண்ட துண்டு மோதிய இடத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர் தள்ளி இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நாசா வெளியிட்ட படத்தில் அந்த இடத்தை 'எஸ்' என்ற எழுத்தால் குறித்து அவர் பெயரையும் எழுதினார்கள். இதில் அவருடைய பொறுமைக்குச் சமமான பங்கு, படங்களைப் பூட்டிவைக்காத ஏற்பாட்டுக்கும் உண்டு. எல்ஆர்ஓ தரவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவெளிக்கு வந்துவிடுகிறது. படம் கையில் கிடைத்தால்தானே கண்ணுக்கு வேலை?

நிலாவைத் தனியாட்கள் கூர்ந்து பார்ப்பது பழைய வழக்கம். 1830களில் நிலாவின் மிகச் சிறந்த வரைபடத்தை வானியலர் மேட்லருடன் சேர்ந்து வெளியிட்ட வில்ஹெல்ம் பீர், பெர்லினில் வங்கித் தொழில் செய்தவர். ஆனால் தனிக்கண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அந்த வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1866இல் ஏதென்ஸ் வான்நோக்ககத்தின் இயக்குநர் யூலியஸ் ஷ்மிட், லின்னே என்ற குழி மறைந்துவிட்டது என்றும் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டுதான் இருக்கிறது என்றும் அறிவித்தார். ஐரோப்பாவின் தொலைநோக்கிகள் எல்லாம் லின்னேயை நோக்கித் திரும்பின. பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. எல்ஆர்ஓ காட்டிய லின்னே, 2.2 கிலோமீட்டர் அகலத்தில் கச்சிதமான கிண்ணம் போன்ற இளம் குழி. சுற்றிலும் வெளிர்மண் தெறித்துக் கிடக்கிறது. வெயில் உயரும்போது குழி கண்ணுக்கு மறைந்து வெண்மை மட்டும் நிற்கும். எதுவும் மாறவில்லை, வெயில்தான் மாறியது. 1953இல் நியூயார்க் பத்திரிகையாளர் ஜான் ஓநீல், நெருக்கடிகளின் கடல் என்று பெயர் பெற்ற கரும்பரப்பின் ஓரத்தில் ஒரு பிரம்மாண்டப் பாலத்தைக் கண்டதாகச் சொன்னதும் நிழல் செய்த மாயம்தான். ஷ்மிட் தொழில்முறை வானியலர், ஓநீல் பொழுதுபோக்காகப் பார்த்தவர். பட்டம் இருவரையும் வேறுபடுத்தவில்லை. அவர்கள் கண்டதைச் சரிபார்க்கத் தனியான பதிவு இல்லாததே இருவருக்கும் பொதுவான குறை.

அப்படியொரு தனியான பதிவு கிடைத்த நாள் 1999 நவம்பர் 18. லியோனிட் விண்கல் மழை பொழிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் டெக்சஸில் தொலைநோக்கியில் கண்ணை வைத்து நிலாவின் இருண்ட பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த பிரையன் கட்னிக்குக் கணநேரம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது மட்டும் இருந்தால், நிலாவில் ஒளி கண்டதாகச் சொன்ன நூற்றுக்கணக்கான செய்திகளோடு அதுவும் போயிருக்கும். ஆனால் அதே நேரத்தில், வெகு தொலைவில் மேரிலாந்தில் டேவிட் டன்ஹம் நிலாவை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பதிவில் அதே நொடியில் அதே ஒளி இருந்தது. நிலாவின் இருள் பகுதியில் விண்கல் மோதுவதைப் பூமியிலிருந்து ஐயமறப் பார்த்த முதல் நிகழ்வு இதுதான்.

அதன் பிறகு நாசாவின் மார்ஷல் மையம் 2005இல் இதைத் தொடர்ந்து கண்காணிக்கத் தொடங்கியது, கிரீஸில் 1.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 2017இல் இதற்கென்றே இறங்கியது. 2013 மார்ச் 17 அன்று மார்ஷல் மையம் பதிவுசெய்த ஒளிக்குக் காரணமான கல் 40 கிலோ இருக்கலாம் என்று கணித்தார்கள். எல்ஆர்ஓ அந்த இடத்தைத் தேடிப் போய், முந்தைய படத்தில் இல்லாத 18 மீட்டர் அகலப் புதுக்குழியைக் கண்டது. இப்படி முன்-பின் படங்களை ஒப்பிட்டு 222 புதுக்குழிகளைக் கண்டெடுத்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. எதிர்பார்த்ததைவிட அவை மூன்றில் ஒரு பங்கு அதிகம். நிலாவின் மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புரள முன்பு நினைத்த அளவு காலம் தேவையில்லை, சுமார் 81,000 ஆண்டே போதும் என்பதும் அதில் தெரிந்தது. எண்ணிக்கையை ஆண்டாக மாற்றும் அந்த நாட்காட்டிக்கு, இன்று விழும் கற்களின் வேகத்தை நேரடியாகச் சொல்லும் சான்று இது.

ஒளியை நேரடியாகப் பார்க்கும் வேலையில் தன்னார்வலர்கள் இன்னும் முன்வரிசையில் நிற்கிறார்கள். 2019 ஜனவரி 21 அன்று முழுச் சந்திர கிரகணத்தின்போது ஒரு கல் மோதியது. கிரகணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த பல நாட்டு ஆர்வலர்களின் கேமராக்களில் அது தற்செயலாகப் பதிந்தது. கொலம்பியாவின் ஹோர்ஹே சுலுவாகா குழு அந்தப் படங்களைத் திரட்டி, மோதிய இடத்தையும் கல்லின் ஆற்றலையும் கணக்கிட்டது. 2023 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் ஹிராட்சுகா நகர அருங்காட்சியகக் காப்பாளர் டாய்ச்சி புஜி, தன் தொலைநோக்கிகளில் இன்னொரு மோதலைப் பதிவுசெய்தார்.

இந்த வேலைக்கு 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் நல்ல வீடியோ கேமராவும் துல்லியமான கடிகாரமும் போதும். வளர்பிறையில் பாதிநிலவு வரைக்கும் உள்ள மாலைகள் உகந்தவை. நிலாவின் இருண்ட பகுதி நம் பக்கம் பரந்து கிடக்கும். ஒரு கேமராவில் மட்டும் தெரிந்த ஒளியை ஏற்க மாட்டார்கள். அது செயற்கைக்கோள் பளிச்சிட்டதாக இருக்கலாம், விண்துகள் ஒன்று கேமராவின் சில்லில் பட்டதாக இருக்கலாம். தொலைவான இரண்டு ஊர்களிலிருந்து, நிலாவின் அதே இடத்தில், அதே நொடியில் பதிய வேண்டும். பார்ப்பவர்கள் உலகெங்கும் பரவியிருப்பதும் அவசியம். நான்கைந்து நாள் வயதான பிறை ஜப்பானில் இரவு பத்து மணிக்குத் தாழ்ந்துவிடும்போது இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை ஆறரை. கிரீஸில் நன்றாக இருட்டும்போது இங்கே இரவு ஒன்பதரையைத் தாண்டியிருக்கும். இடைப்பட்ட அந்த நேரத்தில் நிலாவில் விழும் கற்களைப் பார்க்க வசதியான இடத்தில் இருப்பவர்கள் நாம்தான். மதுரையில் ஒரு மொட்டைமாடியிலும் யாழ்ப்பாணத்தில் ஒரு மொட்டைமாடியிலும் ஒரே மாலையில் வீடியோ ஓடினால், இருவரும் கோப்புகளை மாற்றிக்கொண்டு நொடி நொடியாக ஒப்பிட்டுப் பார்த்தால், சரிபார்க்கத் தேவையான இரண்டாவது பதிவு கையிலேயே இருக்கும்.